காம்ப்டன் சிதறல்: அலைநீள மாற்றம் கோணத்தை மட்டும் பார்ப்பது ஏன்?

வைகைக்கரை:

எல்லாருக்கும் வணக்கம். பி.எஸ்சி. மூன்றாம் ஆண்டு இயற்பியல் படிக்கிறேன். காம்ப்டன் விளைவில் சமன்பாட்டைத் தருவிக்க வருகிறது, கணக்கும் போட வருகிறது. ஆனால் இரண்டு இடத்தில் மனசு ஒப்ப மாட்டேன் என்கிறது.

முதலாவது. எக்ஸ் கதிர் எலக்ட்ரானில் பட்டுச் சிதறினால் அதன் அலைநீளம் கூடுகிறது. எவ்வளவு கூடும் என்பதைச் சிதறிய கோணம் மட்டுமே தீர்மானிக்கிறது. வருகிற கதிர் எந்த ஆற்றலில் வந்தாலும், பட்ட பொருள் கிராஃபைட்டோ அலுமினியமோ எதுவானாலும், 90 டிகிரியில் 0.0243 ஆங்ஸ்ட்ராம்தான் (ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு). அதிக ஆற்றலோடு வரும் ஃபோட்டான், அதாவது ஒளித்துகள், அதிகமாகத்தானே இழக்க வேண்டும்?

இரண்டாவது. சிதறிய கதிரின் செறிவை அலைநீளத்துக்கு எதிரே வரைந்த புத்தகப் படத்தில் ஒவ்வொரு கோணத்துக்கும் இரண்டு முகடு இருக்கிறது. ஒன்று நகர்ந்திருக்கிறது, இன்னொன்று பழைய இடத்திலேயே நிற்கிறது. "அது இறுகப் பிணைந்த எலக்ட்ரானால் வருவது" என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். பிணைந்திருந்தால் ஏன் நகரக் கூடாது?

தெரிந்தவர்கள் கொஞ்சம் நிதானமாகச் சொன்னால் புண்ணியமாகப் போகும்.

பழைய வாத்தியார்:

தம்பி, முதல் கேள்விக்கு விடை உன் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. ஆற்றல் அதிகமுள்ள ஃபோட்டான் அதிகமாகத்தான் இழக்கிறது. எண்ணைப் போட்டுப் பார்த்தால் சந்தேகம் போய்விடும்.

காம்ப்டன் எடுத்துக்கொண்டது மாலிப்டினத்தின் கே-ஆல்ஃபா கதிர். ஆற்றல் சுமார் 17.5 கேஈவி (ஒரு கேஈவி ஆயிரம் எலக்ட்ரான்வோல்ட்), அலைநீளம் 0.71 ஆங்ஸ்ட்ராம். 90 டிகிரியில் சிதறி வெளியே வரும்போது 16.9 கேஈவி இருக்கும். இழப்பு நூற்றுக்கு மூன்று சொச்சம்தான். இப்போது சீசியம்-137 தரும் காமா கதிரை எடுத்துக்கொள். 662 கேஈவியோடு உள்ளே போகிறது. அதே 90 டிகிரியில் வெளியே வருவது 288 கேஈவி. பாதிக்கு மேல் போய்விட்டது!

இனி இரண்டையும் அலைநீளமாக மாற்று. காமா கதிர் உள்ளே போகும்போது 0.0187 ஆங்ஸ்ட்ராம், வெளியே வரும்போது 0.0430. வித்தியாசம் 0.0243. மாலிப்டினத்துக்கும் அதே 0.0243. ஆற்றலில் பார்த்தால் இரண்டும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம், அலைநீளத்தில் பார்த்தால் ஒரே அளவு. அலைநீளம் என்பது ஆற்றலின் தலைகீழ் அல்லவா? ஆற்றல் அழிவின்மையையும் உந்த அழிவின்மையையும் சேர்த்து எழுதினால், "சிதறிய ஆற்றலின் தலைகீழ் கழித்தல் வந்த ஆற்றலின் தலைகீழ்" என்ற கோவைதான் சுத்தமாக வெளியே வந்து நிற்கிறது. அதன் மறுபக்கத்தில் இருப்பது எலக்ட்ரானின் ஓய்வு ஆற்றலான 511 கேஈவியும் கோணமும் மட்டும். வந்த ஃபோட்டானின் ஆற்றலுக்கு அங்கே இடமே கிடையாது.

சுருக்கமாக இப்படி வைத்துக்கொள்: அலைநீள மாற்றம் = 0.0243 ஆங்ஸ்ட்ராம் × (1 − கோணத்தின் கொசைன்). அந்த 0.0243 என்பது பிளாங்க் மாறிலியை எலக்ட்ரான் நிறையாலும் ஒளிவேகத்தாலும் வகுத்தது. மோதப்படுகிற துகளின் நிறை அதில் உட்கார்ந்திருப்பதைக் கவனி. உன் இரண்டாவது கேள்விக்கு அதுதான் சாவி. மாலையில் எழுதுகிறேன், இப்போது வெளியே கிளம்ப வேண்டும்.

மழைச்சாரல்:

சார் சொன்ன 288 கேஈவியை எங்கள் எம்.எஸ்சி. ஆய்வகத்தில் நேரில் பார்க்கலாம். சீசியம் கதிர்மூலம், அலுமினியக் கம்பி, சோடியம் அயோடைடு டிடெக்டர், வரும் துடிப்புகளை ஆற்றல்வாரியாகப் பிரித்து எண்ணும் பல்வழிப் பகுப்பி. டிடெக்டர் இருக்கும் கையைக் கோணம் கோணமாகத் திருப்பினால் முகடு இடதுபுறமாக, குறைந்த ஆற்றல் பக்கம், இறங்கிக்கொண்டே போகும். ஒவ்வொரு கோணத்துக்கும் "ஆற்றலின் தலைகீழ்" கணக்கிட்டு (1 − கொசைன்) எதிரே வரைந்தால் நேர்கோடு வரும், அதன் சாய்விலிருந்து 511 கிடைக்கும். எலக்ட்ரானின் நிறையை ஒரு அலுமினியக் கம்பியை வைத்து அளக்கிறோம் என்பதே எனக்குப் பெரிய விஷயமாகத் தெரிந்தது.

பழைய வாத்தியார்:

வந்துவிட்டேன். இரண்டாவது கேள்வி.

கேரம் போர்டில் ஸ்ட்ரைக்கரால் ஒரு காயை அடித்தால் காய் ஓடும், ஸ்ட்ரைக்கர் கொஞ்சம் வேகம் இழக்கும். அதே காயைப் பலகையில் பசை போட்டு ஒட்டிவிட்டு அடித்தால் ஸ்ட்ரைக்கர் அப்படியே திரும்பி வரும், ஏனென்றால் அது இப்போது மோதுவது பலகை முழுவதோடும். உட்சுற்றில் இறுகப் பிணைந்த எலக்ட்ரான் இப்படித்தான். தள்ளுகிற ஆற்றல் பிணைப்பை அறுக்கப் போதாவிட்டால் அந்த எலக்ட்ரான் தனியாக ஓட முடியாது, மொத்த அணுவும் பின்வாங்க வேண்டும். கார்பன் அணு எலக்ட்ரானைப் போல் ஏறக்குறைய 22,000 மடங்கு கனம். சூத்திரத்தில் நிறை கீழே இருக்கிறதே, அங்கே அணுவின் நிறையைப் போடு. மாற்றம் 0.0243-ஐ 22,000-ஆல் வகுத்த அளவுக்குச் சுருங்கிவிடும். படிகத்தை வைத்து அலைநீளம் அளக்கும் எந்தக் கருவியிலும் அது தெரியாது. ஆக, நகராத முகடு நகரவே இல்லை என்பதைவிட, கண்ணுக்குத் தெரியாத அளவு நகர்ந்தது என்று சொல்வதுதான் சரி.

இதில் கோணத்தையும் சேர்த்துப் பார். மாலிப்டினக் கதிர் கார்பனில் 45 டிகிரியில் சிதறினால் எலக்ட்ரானுக்குக் கிடைப்பது சுமார் 170 எலக்ட்ரான்வோல்ட். 90 டிகிரியில் ஏறத்தாழ 580. 135 டிகிரியில் 960-ஐ ஒட்டி. கார்பனின் உள் எலக்ட்ரானைப் பிடுங்க 284 வேண்டும். அப்படியானால் 45 டிகிரியில் உள் எலக்ட்ரான்கள் அசையாது, வெளிச்சுற்று எலக்ட்ரான்கள் மட்டும்தான் ஓடும். கோணம் விரிய விரிய உள் எலக்ட்ரான்களும் களத்துக்கு வந்துவிடும், நகர்ந்த முகட்டின் கை ஓங்கும். கனமான தனிமத்தை வைத்தால் நிலைமை நேர்மாறாகிவிடும், நகராத முகடு வலுக்கும். அதனால்தான் காம்ப்டன் கார்பன் போன்ற லேசான தனிமத்தைத் தேடிப் போனார். அவருடைய 1923 கட்டுரையின் தலைப்பிலேயே "லேசான தனிமங்கள்" என்று இருக்கிறது.

வைகைக்கரை:

சார், ரொம்ப நன்றி. 170, 580, 284 என்ற எண்களை யாராவது வகுப்பில் பலகையில் எழுதியிருந்தால் அன்றைக்கே தெளிந்திருக்கும். கூடவே இன்னொன்று. ஃபோட்டானை எலக்ட்ரான் முழுசாக விழுங்கிவிட்டால் என்ன? ஏன் எப்போதும் மிச்சம் ஒரு ஃபோட்டான் வெளியே வருகிறது?

மழைச்சாரல்:

கட்டற்ற எலக்ட்ரானால் முடியாது. விழுங்கி முடித்த பிறகு எலக்ட்ரான் எந்த வேகத்தில் போகிறதோ, அதே வேகத்தில் நீங்களும் கூடவே ஓடுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கண்ணுக்கு அது நிற்கிறது, அதனிடம் இருப்பது 511 கேஈவி மட்டும். ஆனால் மோதலுக்கு முன் உங்கள் பார்வையில் எலக்ட்ரான் நகர்ந்துகொண்டிருந்தது, அதோடு ஒரு ஃபோட்டானும் இருந்தது. மொத்தம் 511-க்கு மேல். அந்த உபரி எங்கே போகும்? போக இடமில்லை, அதனால் நிகழாது. ஒளிமின் விளைவில் அணுக்கரு அருகில் இருந்து உந்தத்தின் ஒரு பங்கை வாங்கிக்கொள்வதால்தான் ஃபோட்டான் முழுசாக மறைய முடிகிறது.

சுழிப்புள்ளி:

நல்ல விளக்கங்கள். ஆனால் ஒரு விஷயத்தில் எனக்கு உடன்பாடில்லை. அதைச் சொல்லாமல் போனால் இந்த இழை பாடப்புத்தகத்தின் நீட்சியாகவே முடிந்துவிடும்.

"அலைநீளம் மாறியது, ஆகவே ஒளி துகள்" என்று எல்லாப் புத்தகத்திலும் எழுதியிருக்கிறது. அலைநீள மாற்றம் மட்டும் அதை நிரூபிக்காது. 1927-இல் ஷ்ரோடிங்கர், ஒளியை முழுக்க அலையாகவே வைத்துக்கொண்டு, எலக்ட்ரானையும் அலையாக எடுத்து இதே சூத்திரத்தைக் கொண்டுவந்தார். எலக்ட்ரானின் முந்தைய அலையும் பிந்தைய அலையும் சேர்ந்து நகர்கிற ஒரு வரிவலை போலாகின்றன. அதில் பட்டு ஒளி பிரதிபலிக்கிறது, வலை நகர்வதால் டாப்ளர் மாற்றம் வருகிறது. கிடைப்பது அதே 0.0243 × (1 − கொசைன்). பிறகு க்ளைனும் நிஷினாவும் எந்தக் கோணத்தில் எவ்வளவு சிதறும் என்ற சூத்திரத்தைக் கண்டபோதும் கதிரைச் சாதாரண மின்காந்த அலையாகத்தான் வைத்துக் கணக்கிட்டார்கள்.

ஆகவே "காம்ப்டன் முகட்டைப் பார்த்தார், ஃபோட்டான் நிரூபணமானது" என்ற கதை அரைகுறை.

பழைய வாத்தியார்:

சுழிப்புள்ளி, நீங்கள் சொல்வது உண்மை. ஆனாலும் 1923-இல் இருந்தவர்களின் கையில் எலக்ட்ரான் அலை இல்லை. அவர்கள் கையில் இருந்தது ஜே.ஜே. தாம்சனின் கணக்கு: அலை வந்து எலக்ட்ரானை ஆட்டும், எலக்ட்ரான் அதே அதிர்வெண்ணில் ஆடித் திரும்ப வீசும், அலைநீளம் மாறவே கூடாது. சிதறிய கதிர் ஊடுருவும் சக்தி குறைந்து "மெலிந்து" போவதைக் காமா கதிர்களில் 1910-ஐ ஒட்டியே சிலர் பார்த்துவிட்டார்கள். காம்ப்டனும் நேரே ஃபோட்டானிடம் போகவில்லை. எலக்ட்ரான் பெரிய வளையம் போன்றது என்று வைத்துப் பார்த்தார். ஒளிர்வாக இருக்குமோ என்று பார்த்தார், டாப்ளரையும் பார்த்தார். ஒவ்வொன்றாகக் கைநழுவிய பிறகுதான் செயின்ட் லூயிஸ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 1922 முடியும் தறுவாயில் துகள் கணக்கை எடுத்தார்.

அந்தச் சோதனையை ஒருமுறை மனக்கண்ணில் ஓட்டிப் பாருங்கள். மாலிப்டினம் இலக்கு வைத்த எக்ஸ் கதிர்க் குழாய், அதை ஒட்டியே ஒரு சின்னக் கிராஃபைட் துண்டு. அதிலிருந்து 90 டிகிரியில் வருவதை மட்டும் பிளவுகள் வழியே விட்டு, கால்சைட் படிகத்தின் மேல் விழச்செய்து, படிகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, அயனிக் கலத்தில் ஓட்டத்தை அளக்க வேண்டும். சிதறிய கதிர் மிக மிகச் சன்னமானது. அவருக்குக் கிடைத்தது 0.708-லிருந்து 0.730 ஆங்ஸ்ட்ராம். கணக்கு சொன்னது 0.024 மாற்றம், அளந்தது 0.022. அந்தக் காலக் கருவியில் இந்த ஒற்றுமை சாதாரணமல்ல.

ஐரோப்பாவில் டிபை தனியாகவே இதே சூத்திரத்தை 1923-இல் வெளியிட்டார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இருட்டறை:

இடையில் புகுந்ததற்கு மன்னிக்கவும். நான் ரேடியோகிராஃபர். நீங்கள் பேசுகிற இந்தச் சிதறலோடுதான் எங்கள் முழு வேலையும். படிக்கிற பிள்ளைகளுக்கு இந்தப் பக்கமும் தெரிந்திருக்கட்டும் என்று எழுதுகிறேன்.

நோயாளியின் உடம்பில் எக்ஸ்ரே பட்டதும் அந்த உடம்பே கதிர் வீசும் பொருளாகிவிடும். மென்திசுவில் சுமார் 26 கேஈவிக்கு மேல் காம்ப்டன்தான் ஒளிமின் விளைவை முந்துகிறது. நாங்கள் பயன்படுத்துகிற கதிரில் பெரும்பங்கு அதற்கு மேலே. வயிற்றுப் படம் எடுக்கும்போது, அதுவும் உடம்பு பருமனானவர் என்றால், படத்தகட்டில் வந்து விழுவதில் சிதறல்தான் அதிகம். படம் முழுக்கச் சாம்பல் பூத்த மாதிரி ஆகிவிடும், எலும்பின் ஓரம் தெளியாது.

இங்கேதான் அந்தச் சூத்திரம் எங்களை வாட்டுகிறது. 60 கேஈவி ஃபோட்டான் 90 டிகிரியில் திரும்பினாலும் 53.7 கேஈவி மிச்சம் வைத்திருக்கும். நேர் எதிரே திரும்பி வந்தால்கூட 48.6. அதாவது சிதறிய கதிருக்கும் நேர் கதிருக்கும் ஆற்றலில் பெரிய வித்தியாசம் இல்லை. அலுமினியத் தகடு வைத்து சிதறலை மட்டும் வடிகட்டலாம் என்றால் நடக்காது, நல்ல கதிரும் சேர்ந்து போய்விடும். திசையை வைத்துத்தான் பிரிக்க முடியும். அதற்குத்தான் கிரிட். மெல்லிய ஈயப் பட்டைகளை வரிசையாக நிறுத்தியிருப்பார்கள். நேரே வருவது இடைவெளியில் நுழையும், சாய்ந்து வருவது ஈயத்தில் முட்டும். 1913-இல் குஸ்டாவ் பக்கி கண்டுபிடித்தது. ஈயக் கோடுகள் படத்தில் விழாமல் இருக்க அதை நகர்த்தும் வழியைப் பிறகு ஹாலிஸ் பாட்டர் கொண்டுவந்தார். எங்கள் அறையில் "பக்கியில் போடு" என்றுதான் இன்றும் பேச்சு. காம்ப்டன் சூத்திரம் வருவதற்குப் பத்து வருஷம் முன்பே சிதறலோடு மல்லுக்கட்டி விடை கண்டுவிட்டார்கள் என்பதில் எங்கள் தொழில்காரர்களுக்கு ஒரு பெருமை உண்டு.

வைகைக்கரை:

அக்கா, இது எனக்குத் தெரியவே தெரியாது. அப்போது படம் எடுக்கும்போது அறையை விட்டு எல்லாரும் வெளியே போவதும் இதற்காகத்தானா?

இருட்டறை:

ஆமாம் தம்பி. நேர் கதிர் போகிற பாதையில் யாரும் நிற்கப் போவதில்லை. எங்கள் மேல் படுவது நோயாளியின் உடம்பிலிருந்து சிதறி வருவதுதான். ஒரு மீட்டர் தள்ளி நின்றால், நோயாளியின் தோலில் விழுவதில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு பக்கவாட்டில் வரும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு படத்துக்கு அது சின்னது, வருஷக்கணக்கில் சேர்ந்தால் சின்னதில்லை. குழந்தையைப் பிடித்துக்கொள்ள அம்மாவை நிறுத்தும்போது ஈய ஏப்ரன் போடச் சொல்வதும் இதற்குத்தான். சி-ஆர்ம் (சி வடிவக் கையில் பொருத்திய எக்ஸ்ரே கருவி) வைத்து எலும்பு அறுவை நடக்கும் தியேட்டரில் இது இன்னும் முக்கியம். கதிர் உள்ளே நுழைகிற பக்கம்தான் செறிவு அதிகம், அதனால் சிதறலும் அந்தப் பக்கம்தான் அதிகம். குழாய் கீழே இருந்தால் காலுக்கு, மேலே இருந்தால் முகத்துக்கு. குழாயைக் கீழே வையுங்கள் என்று நாங்கள் அறுவை மருத்துவர்களிடம் கேட்டுக்கொள்வது இதனால்தான். கண்ணை ஒவ்வொரு நாளும் காப்பாற்ற வேண்டும்.

மழைச்சாரல்:

அக்கா சொன்னதோடு சேர்த்து ஒன்று. ஃபோட்டான் எவ்வளவு பெரிய ஆற்றலோடு வந்தாலும் சரி, 90 டிகிரியில் சிதறி வருவது 511 கேஈவியைத் தாண்டாது, நேர் எதிரே திரும்பி வருவது 256-ஐத் தாண்டாது. சூத்திரத்தில் வந்த அலைநீளத்தைப் பூஜ்யமாக்கிப் பார்த்தாலே தெரியும். கதிர்வீச்சு சிகிச்சை அறைகளில் பக்கவாட்டுத் தடுப்பைக் கணக்கிடுகிறவர்களுக்கு இது பெரிய உபகாரம்.

என் கேள்வி ஒன்று. கம்பியை எடுத்துவிட்டு சீசியத்தை நேரே டிடெக்டர் எதிரில் வைத்தாலும் 184 கேஈவி பக்கத்தில் ஒரு சின்ன மேடு வருகிறது. எதிரில் எதுவும் இல்லையே?

பழைய வாத்தியார்:

எதிரில் இல்லை, பின்னால் இருக்கிறது. மூலத்தின் பின்னே மேசை, ஈயக் கவசம், சுவர். 662 அங்கே போய் முட்டி ஏறக்குறைய 180 டிகிரியில் திரும்பி டிடெக்டருக்கு வருகிறது. 662-ஐ (1 + 2 × 662 / 511) ஆல் வகு, 184 வரும். அதே நிறமாலையில் 477 பக்கத்தில் ஒரு சரிவு இருக்கும், பார்த்திருப்பாய். அது டிடெக்டருக்குள்ளேயே சிதறி ஃபோட்டான் தப்பித்துப் போய், எலக்ட்ரானின் பங்கு மட்டும் பதிவாவது. 184-ஐயும் 477-ஐயும் கூட்டினால் 661. ஒரே மோதலின் இரண்டு பங்காளிகள்.

சுழிப்புள்ளி:

வாத்தியார் சார், "இரண்டு பங்காளிகள்" என்றீர்களே, நான் சொல்ல வந்ததும் அங்கேதான் இருக்கிறது. என்னைப் பொறுத்தவரை ஃபோட்டானுக்கான சான்று முகட்டில் இல்லை, அந்த இரண்டு பங்காளிகளும் ஒரே நேரத்தில் பிறக்கிறார்களா என்பதில் இருக்கிறது.

1924-இல் போர், கிராமர்ஸ், ஸ்லேட்டர் மூவரும் ஒரு கொள்கையை வைத்தார்கள். ஒளி அலைதான், ஆற்றலும் உந்தமும் ஒவ்வொரு மோதலிலும் அழியாமல் இருக்க வேண்டியதில்லை, கோடிக்கணக்கான மோதல்களின் சராசரியில் சரியாக இருந்தால் போதும் என்றார்கள். அந்தக் கொள்கையில் காம்ப்டன் முகடு வரும், எலக்ட்ரானும் தெறிக்கும். ஆனால் இந்த ஃபோட்டானுக்கு இந்த எலக்ட்ரான் என்ற ஜோடி இருக்காது. நிறமாலையை மட்டும் எத்தனை வருஷம் அளந்தாலும் இதைப் பொய் என்று காட்ட முடியாது.

பெர்லினில் போத்தேவும் கைகரும் 1925-இல் இதற்கு முடிவு கட்டினார்கள். ஹைட்ரஜன் வாயுவில் எக்ஸ் கதிரைச் செலுத்தினார்கள். ஒரு பக்கம் எலக்ட்ரானுக்கு ஒரு எண்ணி, எதிர்ப்பக்கம் சிதறிய கதிருக்கு இன்னொரு எண்ணி. இரண்டின் துடிப்புகளும் ஓடுகிற ஒரே ஃபிலிமில் அருகருகே பதிவாயின. ஆயிரத்தில் ஒரு நொடி அளவு நெருக்கத்துக்குள் இரண்டும் ஒன்றாக வருகின்றனவா என்று மீட்டர் மீட்டராகப் பார்த்துக்கொண்டே போனார்கள். தற்செயலாக நிகழக்கூடியதைவிட மிக அதிகமாக ஜோடிகள் கிடைத்தன. அதே ஆண்டு காம்ப்டனும் சைமனும், துகள் போன தடம் நீர்த்துளிக் கோடாகத் தெரியும் முகில் கலத்தில், எலக்ட்ரான் தெறித்த திசையை வைத்து ஃபோட்டான் போயிருக்க வேண்டிய திசையைக் கணக்கிட்டுச் சரிபார்த்தார்கள். பொருந்தியது. அன்றோடு அந்த மூவர் கொள்கை முடிந்தது. இந்த உடனிகழ்வு முறைக்காகத்தான் போத்தேவுக்கு 1954-இல் நோபல் கிடைத்தது. பாடத்திட்டத்தில் இந்தச் சோதனைக்கு ஒரு பக்கமாவது கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். முகட்டை மட்டும் காட்டி ஃபோட்டானை நம்பச் சொல்வது மாணவருக்குச் செய்கிற நியாயமல்ல.

பழைய வாத்தியார்:

முழுக்க ஒப்புக்கொள்கிறேன். முகடு கேள்வியைக் கூர்மையாக்கியது, உடனிகழ்வு விடை சொன்னது.

முகட்டையே நம்பாதவர்களும் இருந்தார்கள். ஹார்வர்டில் வில்லியம் டுவேனுக்கு இந்த நகர்ந்த கோடு கிடைக்கவில்லை. சுற்றியுள்ள பெட்டியிலிருந்து வரும் வேறு கதிர் என்றார். 1924-இல் டொரன்டோவில் நடந்த பிரிட்டிஷ் அசோசியேஷன் கூட்டத்தில் இதற்கென்றே விவாதம் வைத்தார்கள். அந்த விவாதத்தில் நம் திருச்சியில் பிறந்த சி.வி. ராமனும் கலந்துகொண்டு, காம்ப்டனின் கருத்தை ஏற்க மறுத்துப் பேசினார். அந்த ஆண்டு இறுதியில் டுவேனின் ஆய்வகத்திலேயே காம்ப்டன் கோடு தெரிந்துவிட்டது. ராமனோ அலைக் கொள்கை வழியாகவே இதைத் தருவிக்க முடியும் என்று பின்னரும் எழுதினார்.

அந்தப் பிடிவாதம் வீணாகவில்லை. 1927-இல் காம்ப்டனுக்கு நோபல் கிடைத்தது. எக்ஸ் கதிரில் மாறிய கோடு, மாறாத கோடு என்று இரண்டு இருந்தால் சாதாரண ஒளியிலும் இரண்டு இருக்க வேண்டும் என்ற எண்ணத்தோடு கல்கத்தாவில் கே.எஸ். கிருஷ்ணனும் ராமனும் தேடி, ராமன் விளைவு என்று இன்று சொல்வதைக் கண்டார்கள். 1928 பிப்ரவரி 16 அன்று நேச்சர் இதழுக்கு அனுப்பிய குறிப்பு காம்ப்டனைச் சொல்லித்தான் தொடங்குகிறது.

வைகைக்கரை:

அப்படியானால் ராமன் விளைவும் காம்ப்டன் விளைவுதானா சார்? கண்ணுக்குத் தெரியும் ஒளியில் நடக்கிற காம்ப்டன்?

சுழிப்புள்ளி:

இல்லை, இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. 5,000 ஆங்ஸ்ட்ராம் பச்சை ஒளியில் காம்ப்டன் மாற்றம் 90 டிகிரியில் அதே 0.0243. பத்து லட்சத்தில் ஐந்து பங்கு. அதோடு அந்த ஒளிக்கு எலக்ட்ரானைப் பிடுங்கும் சக்தியும் இல்லை. ராமன் விளைவில் ஆற்றலை வாங்கிக்கொள்வது மூலக்கூறின் அதிர்வு. அதனால் மாற்றம் கோணத்தைப் பார்க்காது, பொருளைப் பார்க்கும். பென்சீனுக்கு ஓர் அளவு, கார்பன் டெட்ராகுளோரைடுக்கு வேறோர் அளவு. காம்ப்டனில் பொருள் எதுவானாலும் ஒன்று, கோணம்தான் எல்லாம். யோசனை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போனது, இயக்கம் வேறு.

மழைச்சாரல்:

"பொருள் எதுவானாலும் ஒன்று" என்பது முகட்டின் இடத்துக்குத்தான் பொருந்தும், அகலத்துக்கு அல்ல, இல்லையா? நகர்ந்த முகடு எப்போதும் பரந்து இருக்கிறது.

சுழிப்புள்ளி:

அருமை. எலக்ட்ரான் நின்றுகொண்டிருக்கிறது என்று வைத்துத்தான் சூத்திரம் எழுதுகிறோம். நிஜத்தில் அது பொருளுக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. நம்மை நோக்கி வருவதில் பட்டால் ஒரு பக்கம், விலகிப் போவதில் பட்டால் மறுபக்கம் என்று முகடு விரிகிறது. அந்த விரிவின் வடிவத்திலிருந்து பொருளுக்குள் எலக்ட்ரான்களின் உந்தம் எப்படிப் பரவியிருக்கிறது என்று படிக்கலாம். டூமாண்ட் 1929-இல் பெரிலியத்தில் இதைச் செய்து, உலோக எலக்ட்ரான்கள் ஃபெர்மி-டிராக் விதிப்படி நடக்கின்றன என்பதற்கு ஆதாரம் காட்டினார். இன்றைக்கும் செறிவான எக்ஸ் கதிர் தரும் சின்க்ரோட்ரான் முடுக்கிகளில் "காம்ப்டன் புரொஃபைல்" என்று இதே அளவீடு நடக்கிறது.

வைகைக்கரை:

எல்லாருக்கும் நன்றி. கடைசியாக ஒரே ஒரு கேள்வி, வரும் வாரம் எங்கள் கல்லூரியில் இந்தச் செய்முறை இருக்கிறது. அலுமினியக் கம்பிக்குப் பதில் தாமிரக் கம்பி வைத்தால் என்ன மாறும்?

மழைச்சாரல்:

முகடு அதே இடத்தில்தான் வரும். அதே தடிமனுள்ள கம்பியில் எலக்ட்ரான்கள் அதிகம், அதனால் சிதறலும் அதிகம். ஆனால் கம்பிக்குள்ளேயே உறிஞ்சலும் கூடும், அதனால் எலக்ட்ரான் கணக்கை அப்படியே பெருக்கி எண்ணிக்கை வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். கம்பி இல்லாமலும் ஒருமுறை அதே நேரம் எண்ணி, அந்தப் பின்னணியைக் கழிக்க மறக்க வேண்டாம். சின்னக் கோணங்களில் மூலத்தின் நேர் கதிர் டிடெக்டரில் எட்டிப்பார்க்கும், அங்கே ஈயக் கட்டைகளைச் சரியாக அடுக்குங்கள். முதலில் 90 டிகிரியில் வையுங்கள். முகடு 288-ஐ ஒட்டி நின்றால் அளவுதிருத்தம் சரி, மற்ற கோணங்களுக்குப் போகலாம்.